சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எந்தக் கிலோமீட்டர், எந்த மணிக்கணக்கு?

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரிடத்தில் 15,300 கிலோமீட்டர் சொச்சம் என்றும், இன்னோர் இடத்தில் 16,700 என்றும், வேறோர் இடத்தில் 9,500 மைல் என்றும் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்தால் பதினேழு மணி நேரம் வருகிறது. டிக்கெட்டில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம்தான். திரும்பும் வழியில் அதே கழித்தல் முப்பது மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. எழுபது வயதைக் கடந்த அப்பாவைத் தனியாக அக்கா வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்பதைக் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இத்தனை எண்களில் எதை நம்பி அப்பாவின் பயணத்தைத் திட்டமிடுவது என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகள் ஃபிளைட் டிஸ்பாட்சராக வேலை பார்த்தவன். விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, எந்த வழியில் போவது, எந்த உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்று கணக்கிட்டு விமானியின் கையில் கொடுக்கும் வேலை அது. பயணிகள் எங்களைப் பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விதான் எங்கள் மேசையில் ஒவ்வொரு நாளும் வந்து நிற்பது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர். விமானம் உண்மையில் பறக்கும் தூரம் பெரும்பாலான நாள்களில் 16,000-க்கு மேல் இருக்கும். 16,700 வரைகூடப் போகும். இடைநில்லா விமானத்தில், கிளம்பும் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும் வரை பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்காகத் திட்டமிட இந்த எண் போதும். மற்ற எண்களும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை, அவ்வளவுதான்.

15,340 என்பது பெருவட்டத் தூரம். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே போகாது, அட்லாண்டிக்கின் குறுக்கேயும் போகாது. நேரே வடக்கே ஏறும். தாய்லாந்து வளைகுடா, இந்தோசீனா, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று போய், வடதுருவத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்குள் கடந்து, கனடாவின் மேலாகத் தெற்கே இறங்கி நியூயார்க்கைத் தொடும். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. இரண்டு ஊர்களும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் துருவத்தின் பக்கமாகப் போவதே குறுக்குவழி. சுவரில் மாட்டும் தட்டையான உலகப்படத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் சுமார் 18,500 கிலோமீட்டர் ஆகிவிடும். மூவாயிரம் கிலோமீட்டர் வீண். தட்டைப் படத்தைப் பார்த்து விமானத் தூரத்தை மதிப்பிடக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால், எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே 20,000 கிலோமீட்டருக்கு மேல் குறுகிய தூரம் இருக்கவே முடியாது. அதில் முக்கால் பங்குக்கும் சற்று அதிகம் உங்கள் அப்பா போகப்போகும் தூரம்.

நீங்கள் பார்த்த 9,500 மைலும் இதே தூரம்தான். 15,340 கிலோமீட்டரைச் சாதாரண மைலாக மாற்றினால் சுமார் 9,530. விமானத்துறை பயன்படுத்தும் கடல் மைலாக மாற்றினால் சுமார் 8,285. கடல் மைல் 1,852 மீட்டர், சாதாரண மைல் சுமார் 1,609 மீட்டர். எந்த மைல் என்று சொல்லாமல் போடும் பட்டியல்கள் தேவையில்லாத குழப்பத்தை உண்டாக்குகின்றன. பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்வதா, துருவங்களில் சற்றுத் தட்டையானதாக எடுத்துக்கொள்வதா என்பதைப் பொறுத்தும் சில கிலோமீட்டர் மாறும். விமானம் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் பாதை நீளாதா என்று கேட்பவர்கள் உண்டு. நீளும், ஆனால் இத்தனை பெரிய தூரத்துக்கும் சேர்த்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுதான். இவை எல்லாம் நிச்சயமாகக் கணக்கிடக்கூடியவை, பயணிக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாதவை.

16,700 என்ற எண்ணின் கதை வேறு. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பகுதியின் நியூவர்க் விமான நிலையத்துக்கு இடைநில்லாச் சேவையை மறுபடி தொடங்கியபோது, பயணத் தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர், நேரம் 18 மணி 45 நிமிடம் வரை என்றுதான் அறிவித்தது. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் சேவை தொடங்கியது. நிறுவனம் சொன்னது பறக்கும் தூரத்தை, பட்டியல்கள் சொல்வது பெருவட்டத் தூரத்தை. குறுக்குவழி இருக்கும்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏன் சுற்றுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். அந்தக் கேள்விக்குள்தான் விமானப் பயணத்தின் முழு சூட்சுமமும் இருக்கிறது.

விமானம் தரையின் மேல் பறப்பதில்லை, காற்றுக்குள் பறக்கிறது. ஓடும் ஆற்றில் செல்லும் படகைப் போல, தன் சொந்த வேகத்தோடு நீரோட்டத்தின் வேகமும் அதற்குச் சேரும் அல்லது குறையும். இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 வழக்கமாக ஒலியின் வேகத்தில் 0.85 மடங்கில் பறக்கும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை அளவில் இருப்பதால் அங்கே ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர்தான். ஆகவே விமானத்தின் வேகம் சுமார் 900 கிலோமீட்டர். இது காற்றோடு ஒப்பிட்ட வேகம். காற்றே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அதே திசையில் ஓடினால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு விமானம் 1,100-இல் போகும். எதிர்த்திசையில் ஓடினால் 700-தான்.

வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் அத்தகைய காற்றோட்டத்துக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். ஜப்பானுக்கு மேலும் அதற்குக் கிழக்கே வட பசிபிக்கிலும் குளிர்காலத்தில் அது மிகவும் வலுவாக இருக்கும். மணிக்கு 200, 300 கிலோமீட்டர் என்பது அங்கே அரிதான செய்தி அல்ல. 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். முடிவுகளை 1926-இல் எஸ்பெராண்டோ என்ற, சிலருக்கே தெரிந்த செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் அவற்றை ஏறக்குறைய கவனிக்கவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் ஜப்பானை நோக்கிப் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் அதே காற்றில் சிக்கித் தடுமாறினார்கள். அட்லாண்டிக்கின் மேலும் இதே காற்று உண்டு. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரையைப் பொறுத்த அதன் வேகம் ஒரு கட்டத்தில் 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அது ஒலியின் வேகத்தை மீறவில்லை, காற்று அதைச் சுமந்துகொண்டு போனது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். குறுக்குவழியான 15,340 கிலோமீட்டரில் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரைவேகம் 850, நேரம் 18 மணிக்குச் சற்று அதிகம். ஜப்பான் வழியாகப் பசிபிக்கைக் கடக்கும் 16,600 கிலோமீட்டர் பாதையில் அதே அளவு பின்காற்று கிடைத்தால் தரைவேகம் 950, நேரம் பதினேழரை மணிக்கும் குறைவு. 1,260 கிலோமீட்டர் அதிகமாகப் பறந்தும் அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்கிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. நான் எடுத்துக்கொண்ட 50 என்பது உதாரணத்துக்குத்தான். உண்மையான எண் அன்றைய காற்றைப் பொறுத்தது, குளிர்காலத்தில் அது இதைவிடப் பெரிதாகவும் இருக்கும்.

விமானிக்குக் கொடுக்கும் திட்டத்தாளில் இது ஒரே வரியில் இருக்கும். கூட்டல் குறியோடு 27 என்று போட்டிருந்தால், வழி முழுவதற்கும் சராசரியாக 27 நாட், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர், பின்னிருந்து தள்ளும் காற்று என்று பொருள். கழித்தல் குறியோடு இருந்தால் எதிர்க்காற்று. அதற்குக் கீழே நீண்ட பட்டியல் ஓடும்: பாதையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்தெழுத்துப் பெயர், அந்த இடத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம், வெளியே எத்தனை பாகை குளிர், அங்கே சேரும்போது தொட்டியில் எத்தனை டன் எரிபொருள் மீதம் இருக்க வேண்டும். விமானி ஒவ்வொரு புள்ளியைக் கடக்கும்போதும் மீதத்தைச் சரிபார்ப்பார். அந்தத் தாளை வாசித்துப் பழகியவர்களுக்குத் தூரம் இரண்டாம்பட்சமாகிவிடும். எங்கள் வழக்கில் காற்று மைல் என்ற ஒன்று உண்டு: தரையில் எத்தனை மைல் என்பதை விட்டுவிட்டு, விமானம் காற்றுக்குள் எத்தனை மைல் பறக்க வேண்டும் என்பது. எரிபொருளும் நேரமும் அதற்குத்தான் கட்டுப்படும். வட பசிபிக்கில் அன்றைய காற்றுக்கு ஏற்ற பாதைகளைப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்கள் நாள்தோறும் புதிதாக வகுத்து அறிவிக்கின்றன. அட்லாண்டிக்கிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆகவே நேற்றைய பாதையில் இன்றைய விமானம் போகும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

திரும்பும் வழி ஏன் வேறாகக் காட்டுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நியூயார்க்கிலிருந்து மேற்கே திரும்பிப் பசிபிக்கைக் கடந்தால் அதே ஜெட் ஸ்ட்ரீமை எதிர்த்துப் போராட வேண்டும். அதனால் பல நாள்களில் விமானம் கிழக்கே போகிறது: அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியப் பெருங்கடல் பக்கம் என்று. அப்படிப் பார்த்தால் உங்கள் அப்பா போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே பறந்து, வீடு திரும்புவதற்குள் உலகை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார். எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் ஊர்களுக்கு மட்டுமே வாய்க்கும் வசதி இது. இந்தியாவிலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், பதினாறரை மணி நேரம். புதிய வழி சுமார் 15,300 கிலோமீட்டர், பதினான்கரை மணி நேரம். தூரம் கூடியது, இரண்டு மணி நேரம் குறைந்தது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே பறந்தால் ஊர் தானே எதிரில் வந்துவிடாதா என்ற சந்தேகமும் உங்கள் கேள்வியில் இருந்தது. வராது. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்து சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அதே சுழற்சியோடுதான் மேலே எழுகிறது. சுழற்சிக்கு இதில் பங்கு இருக்கிறது, ஆனால் சுற்றி வளைத்து: நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டோடு சேர்ந்து அதுதான் ஜெட் ஸ்ட்ரீமைக் கிழக்கு நோக்கித் திருப்புகிறது.

காற்றைத் தவிர மனிதர்கள் போட்ட வேலிகளும் உண்டு. துருவத்தின் பக்கமான குறுக்குவழிக்கு ரஷ்ய வான்வெளி வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யா ஐரோப்பிய நாடுகள் உட்பட முப்பத்தாறு நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மூடப்படாத நாடுகளின் நிறுவனங்கள் சிலவும் தாமாகவே ஒதுங்கிப் போகின்றன. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்குள் போய்க்கொண்டிருந்த ஃபின்னேர் விமானம் இப்போது பதின்மூன்று மணி நேரம் அளவுக்குப் பறக்கிறது. ஊர்கள் நகரவில்லை, பெருவட்டத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லும் சில விமானங்கள் வியன்னா போன்ற இடங்களில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூனில் ஈரான்–இஸ்ரேல் சண்டையின்போது மேற்கு ஆசிய வானத்தின் பெரும்பகுதி நாள்கணக்கில் வெறிச்சோடியது. பழைய பயண நேரப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைய பயணத்தைக் கணிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இவற்றைப் பார்த்துத்தான்.

இத்தனை நீளத்தை எல்லா விமானங்களாலும் தாண்ட முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நியூவர்க் சேவை முதலில் 2004-இல் நான்கு இன்ஜின் கொண்ட ஏ340-500 விமானத்தில் தொடங்கி, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நின்றுபோனது. இப்போது பறப்பது ஏ350-900 யுஎல்ஆர் என்ற சிறப்பு வகை. தொட்டியில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். கிளம்பும்போது மொத்த எடை 280 டன் வரை இருக்கலாம், அதில் ஏறக்குறைய பாதி எரிபொருளாகவே இருக்கும். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருள் எரிய வேண்டும் என்பதுதான் நெடுந்தூரப் பயணத்தின் பெரிய தலைவலி. அதனால்தான் 161 இருக்கைகள் மட்டும், அவையும் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்து நீங்கள் மலைத்ததற்கு இதுவே காரணம். சேருமிடத்தில் இறங்க முடியாமல் போனால் மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், அதற்கும் மேலே அரை மணி நேரம் வட்டமிடவும் தேவையான எரிபொருள் கையிருப்பு எப்போதும் இருக்கும். எதிர்க்காற்று வலுத்தாலும் அப்பா நடுக்கடலில் தவிக்க மாட்டார். மிக அரிதாக, வழியில் ஓரிடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போவார்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரம் வானத்தில் இருக்கும் நேரம் அல்ல. நாங்கள் அதை பிளாக் டைம் என்போம்: சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த கட்டைகளை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணம் முதல், மறுமுனையில் மறுபடி கட்டை வைக்கும் கணம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம், இறங்கிய பிறகு வாயிலைத் தேடி ஊரும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். கென்னடி விமான நிலையத்தில் மாலை நெரிசலில் இதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். தவிர, ஏறும்போதும் இறங்கும்போதும் 900 கிலோமீட்டர் வேகம் கிடையாது. பருவத்தின் சராசரிக் காற்றைப் பார்த்து, பெரும்பாலான நாள்களில் தாமதமாகாத அளவுக்குச் சற்றுத் தாராளமாகவே நேரத்தை நிர்ணயிப்பார்கள். அரை மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிட்டோம் என்று பயணிகள் மகிழ்வது பெரும்பாலும் இந்தத் தாராளத்தால்தான்.

அந்த ஐந்தரை மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். டிக்கெட்டில் புறப்பாடு சிங்கப்பூர் நேரத்திலும், வருகை நியூயார்க் நேரத்திலும் இருக்கும். சிங்கப்பூர் நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணி நேரமும், மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரையான கோடை நேரத்தில் 12 மணி நேரமும் முன்னால் ஓடுகிறது. குளிர்காலத்தில் திங்கள் பகல் 12 மணிக்குக் கிளம்பிப் பதினெட்டரை மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் செவ்வாய் காலை ஆறரை. நியூயார்க்கில் இன்னும் திங்கள் மாலை ஐந்தரைதான். வரும்போது தலைகீழ்: திங்கள் இரவு பத்தரைக்கு அங்கே கிளம்புபவர் புதன் விடியற்காலையில்தான் இங்கே இறங்குவார். செவ்வாய்க்கிழமை எங்கே போனது என்று அவர் கேட்பார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நிச்சயமானது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பெருவட்டத் தூரம் நிச்சயம். பிளாக் டைம் நம்பத்தக்கது. அரை மணி முன்பின் ஆவது வழக்கம். குளிர்காலத்தில் கிழக்கு நோக்கிய பயணத்துக்குக் காற்று அதிகம் உதவும் என்பது பொதுவாகச் சரி, குறிப்பிட்ட ஒரு நாளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் தேதியில் விமானம் அலாஸ்காவின் பக்கம் போகுமா, இன்னும் தெற்கே போகுமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு கிடைக்கும் காற்று முன்னறிவிப்பை வைத்துத்தான் அது முடிவாகும். ஜன்னல் வழியே எதைப் பார்ப்பார், விமானம் குலுங்குமா என்பவையும் அப்படியே.

அப்பாவின் உடல்நிலை பற்றிய கேள்விக்கு நான் சரியான ஆள் அல்ல, அதை அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் மருத்துவர் சரியாகச் சொல்ல உதவும் தகவல்களை என்னால் தர முடியும். ஏ350 விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரமுள்ள மலை ஊரில் இருப்பது போல வைக்கப்படுகிறது. கொடைக்கானலைவிடக் குறைவான உயரம். இருக்கையில் இருக்க வேண்டியது பதினெட்டரை மணி நேரம். பசிபிக் வழியாகக் கிழக்கே போவதால் வெளியே பகலும் இரவும் வேகமாகக் கடந்துபோகும், வெளிச்சத்தை வைத்து நேரம் சொல்ல முடியாது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், விமானத்தில் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது, இறங்கிய முதல் நாள் எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் போகும் விமானம் மலிவாகக் கிடைக்கிறது, அதில் அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பறக்கும் தூரம் ஏறக்குறைய அதேதான், சுமார் 16,500 கிலோமீட்டர். நேரம், நடுவே நிற்பதையும் சேர்த்தால், ஒரு முழு நாளை நெருங்கும். நடுவில் கால் நீட்டி நடக்கக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் மொழி தெரியாத இடத்தில் இறங்கி, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். தனியாகப் போகும் முதியவருக்கு நான் இடைநில்லா விமானத்தையே சொல்வேன், பணம் இடம் கொடுத்தால். எதில் போனாலும் டிக்கெட் வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடிந்தவராக இருந்தாலும் கேளுங்கள். உதவியாளர் ஒருவர் குடிநுழைவுச் சோதனை வரை கூடவே வருவார், அதுதான் முக்கியம்.

அக்கா எத்தனை மணிக்கு விமான நிலையத்துக்கு வர வேண்டும் என்பதற்கு டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்க்க வேண்டாம். விமானம் மேலெழுந்த பிறகு, விமான எண்ணைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் வருகை நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைய பாதையும் காற்றும் அதில் கணக்கில் வந்திருக்கும். பசிபிக்கைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் வந்த பிறகு பார்த்தால் இன்னும் சரியாக இருக்கும். அந்த நேரத்திலிருந்து குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொண்டு, அவர் வருகைக் கூடத்தில் நின்றால் போதும்.